ஒல்லி உடம்பில் ஒளிந்திருக்கும் சர்க்கரை! ஜவ்வாது மலையடிவாரத்தில் அடையாளம் காணப்பட்ட 'டைப் 5'

பெருநகரத்து ஆர்கானிக் கடைகளில் 'ஜவ்வாது மலை சாமை' என்று லேபிள் ஒட்டிய பாக்கெட்டுகளைப் பார்த்திருப்பீர்கள். 'சர்க்கரை நோயாளிகளுக்கு உகந்தது' என்று அதில் ஒரு வரியும் இருக்கும். வாங்குகிறவர்களில் பாதிப் பேர் தொப்பையைக் குறைக்க நினைப்பவர்கள். அந்தச் சாமையை விளைவிக்கும் மலையாளிப் பழங்குடி மக்களுக்கும் சர்க்கரை நோய்க்கும் என்ன சம்பந்தம்? விடிந்தது முதல் பொழுது சாயும்வரை மேடும் பள்ளமும் ஏறி இறங்குகிறவர்கள். உடம்பில் வேண்டாத சதை என்று ஒரு பிடி கிடையாது. 'அவங்களுக்கெல்லாம் சுகர் எங்கேருந்து வரப்போகுது?' என்பதுதான் சமவெளிக்காரர்களின் நினைப்பு.

இந்த நினைப்பு மருத்துவர்களிடமும் நெடுங்காலம் இருந்தது. சர்க்கரை நோய் என்றாலே அதிகமாகச் சாப்பிட்டு, குறைவாக நடப்பவர்களின் நோய் என்று நம் மனதில் பதிந்துவிட்டது. ஆனால், வயிறு நிறையாமல் வளர்ந்தவர்களுக்கும் சர்க்கரை நோய் வருகிறது. அது நமக்குத் தெரிந்த டைப் 1, டைப் 2 இரண்டிலும் சேராமல் தனியாக நிற்கிறது. 70 வருடங்களாக மருத்துவ உலகம் பார்த்தும் பார்க்காமலும் கடந்துபோன அந்த நோய்க்கு, 2025-ல்தான் 'டைப் 5' என்று ஒரு பெயர் கிடைத்தது. அதற்கு வலுவான ஆதாரம் தந்த ஆராய்ச்சி நடந்தது, ஜவ்வாது மலைக்குக் கீழே இருக்கும் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில்.

வேலூரிலிருந்து பாகாயம், கணியம்பாடி தாண்டி, அமிர்தி வழியாக மலையேறினால் ஜமுனாமரத்தூர் வரும். வேலூர், திருவண்ணாமலை, திருப்பத்தூர் என மூன்று மாவட்டங்களில் கைகால் நீட்டிப் படுத்திருக்கிறது இந்த மலை. இதே மலைத்தொடரின் காவலூரில் 93 அங்குலத் தொலைநோக்கி வைத்து நட்சத்திரங்களை ஆராய்கிறார்கள். ஆனால், பல குக்கிராமங்களிலிருந்து ஒரு ரத்தப் பரிசோதனைக்கு இறங்கி வருவதென்றால் ஒரு நாள் கூலி போய்விடும்.

மருத்துவ ஆராய்ச்சி என்பது இந்த மலைக்குப் புதிதல்ல. குடற்புழுக்களை ஓர் ஊரிலிருந்தே ஒழித்துவிட முடியுமா என்று பார்க்க, இந்தியா, பெனின், மலாவி ஆகிய மூன்று நாடுகளில் 'டீவார்ம் 3' என்ற பெரிய ஆய்வு நடந்தது. பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும் பூச்சி மாத்திரை கொடுத்தால் போதுமா, ஊரில் எல்லோருக்கும் கொடுக்க வேண்டுமா என்பது கேள்வி. அதற்காக இந்தியாவில் தேர்ந்தெடுத்த இரண்டு இடங்கள் திமிரியும் ஜவ்வாது மலையும். ஆய்வை நடத்தியவர்கள் வேலூர் சி.எம்.சி. குழுவினர். புழுவுக்கும் சர்க்கரைக்கும் என்ன தொடர்பு என்கிறீர்களா? கொக்கிப்புழு ரத்தத்தை உறிஞ்சும். அதனால் ரத்தசோகை வரும். ரத்தசோகையுள்ள தாய்க்கு எடை குறைந்த குழந்தை பிறக்கும். 'டைப் 5' கதை அநேகமாக அந்தத் தொட்டிலில் இருந்துதான் தொடங்குகிறது.

மூன்றாவதாக ஒரு கூட்டம்

இன்சுலின் ஒரு ஹார்மோன். கணையத்தில் இருக்கும் பீட்டா செல்கள் அதைச் சுரக்கின்றன. ரத்தத்தில் இருக்கும் சர்க்கரை செல்களுக்குள் போக, இன்சுலின்தான் கதவைத் திறக்க வேண்டும். டைப் 1-ல், உடம்பின் எதிர்ப்பு சக்தியே பீட்டா செல்களை அழித்துவிடுவதால் இன்சுலின் ஏறக்குறைய இல்லாமல் போகிறது. டைப் 2-ல் இன்சுலின் இருக்கும். ஆனால், உடம்பு அதன் பேச்சைக் கேட்காது. கல்லீரலிலும் வயிற்றுக்குள்ளும் சேர்ந்த கொழுப்பு அதற்கு முக்கியக் காரணம்.

நோயாளிகளை ஒல்லி, பருமன் என்று பிரித்துப் பார்ப்பது நம் நாட்டுக்குப் பழைய விஷயம். பிறவியிலேயே வருவது, தவறான உணவுமுறையால் வருவது என்று மதுமேகத்தை சுஸ்ருதர் இரண்டாகப் பிரித்திருக்கிறார். முதல் வகையினர் மெலிந்தவர்கள், இரண்டாம் வகையினர் பருத்தவர்கள் என்பது அவர் கணக்கு. நவீன மருத்துவம் வேறு வழியில் வந்து ஏறக்குறைய அதே இரண்டு பெட்டிகளைச் செய்துகொண்டது. சிக்கல் என்னவென்றால், இரண்டு பெட்டியிலும் அடங்காமல் ஒரு கூட்டம் வெளியே நின்றது.

முதலில் அதைச் சொன்னவர் பிலிப் ஹியூ-ஜோன்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர். 1955-ல் ஜமைக்காவில் இருந்த சர்க்கரை நோயாளிகளைப் பற்றி எழுதும்போது, இளவயது, மெலிந்த உடம்பு, ரத்தத்தில் எக்கச்சக்கமான சர்க்கரை, ஆனால் டைப் 1-ல் வருவது போன்ற கீட்டோன் மயக்கம் வராத சிலரைத் தனியாகப் பிரித்தார். ஜமைக்காவின் முதல் எழுத்தை வைத்து 'ஜே டைப்' என்றார். அடுத்த பத்தாண்டுகளில் ஒடிசாவின் கட்டாக்கில் திரிபாதியும் கர் என்பவரும் இதே மாதிரி நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். கேரளாவில் டாக்டர் கீவர்கீஸ், கணையத்தில் கல் சேர்ந்து சர்க்கரை நோய் வந்த ஏழைகளை நூற்றுக்கணக்கில் பார்த்தார். மரவள்ளிக்கிழங்குதான் காரணமோ என்ற சந்தேகம் அப்போது பலமாக இருந்தது. மரவள்ளியே சாப்பிடாத ஊர்களிலும் அந்த நோய் இருப்பது தெரிந்ததும் சந்தேகம் வலுவிழந்தது. பிற்பாடு மரபணுவிலும் சில காரணங்கள் கண்டுபிடிக்கப்பட்டன. கிழங்கு பாவம், வீண் பழி சுமந்தது.

1985-ல் உலக சுகாதார நிறுவனம் 'ஊட்டச்சத்துக் குறைபாடு சார்ந்த நீரிழிவு' என்று ஒரு தனிப் பிரிவையே ஏற்படுத்தியது. பிரச்னை தீர்ந்தது என்று நினைத்தால், 1999-ல் அதே நிறுவனம் அந்தப் பிரிவை நீக்கிவிட்டது. ஊட்டச்சத்துக் குறைபாடுதான் சர்க்கரை நோயை உண்டாக்குகிறது என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்பது காரணம். கணையக் கல் வகையைக் கணைய நோய்களின் கீழ் மாற்றிவிட்டார்கள். மற்ற ஒல்லி நோயாளிகள் பட்டியலிலிருந்தே காணாமல் போனார்கள். பட்டியலில் இல்லாத நோய்க்கு யார் ஆராய்ச்சி நிதி தருவார்கள்? எந்தப் பாடப்புத்தகம் அதைப் பற்றி எழுதும்? நோய் மட்டும் அதன் பாட்டுக்கு இருந்தது.

73 ஆண்கள் சொன்ன உண்மை

நியூயார்க்கில் இருக்கும் ஆல்பர்ட் ஐன்ஸ்டீன் மருத்துவக் கல்லூரியின் பேராசிரியர் மெரிடித் ஹாக்கின்ஸ். 2005 வாக்கில் சர்வதேசக் கூட்டங்களுக்குப் போனபோது, பல ஏழை நாடுகளின் மருத்துவர்கள் அவரிடம் ஒரே மாதிரியான சந்தேகத்தைக் கேட்டார்கள். 'எங்களிடம் வரும் நோயாளிகள் இளைஞர்கள். எலும்பும் தோலுமாக இருக்கிறார்கள். புத்தகத்தில் இருக்கும் வைத்தியம் அவர்களுக்குச் சரிப்படவில்லையே?' அவருக்கும் பதில் தெரியவில்லை. பதிலைத் தேடி அவர் கைகோத்தது, வேலூர் சி.எம்.சி.யின் நாளமில்லாச் சுரப்பியியல் பேராசிரியர் நிஹால் தாமஸுடன். இவர்கள் குழுவின் ஆய்வு 2022-ல் 'டயாபடீஸ் கேர்' இதழில் வெளியானது.

ஆய்வில் கலந்துகொண்டவர்கள் தென்னிந்தியாவைச் சேர்ந்த 73 ஆண்கள். 19 வயது முதல் 45 வரை. அவர்களில் 20 பேர் பி.எம்.ஐ. 19-க்கும் கீழே உள்ள சர்க்கரை நோயாளிகள். அதாவது 165 செ.மீ. உயரமுள்ள ஒருவர் 51 கிலோதான் இருப்பார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒப்பிட்டுப் பார்க்க டைப் 1, டைப் 2 நோயாளிகளும் சர்க்கரையே இல்லாதவர்களும் இருந்தார்கள்.

73 என்பது சின்ன எண்ணிக்கைதான். ஆனால், ஒவ்வொருவருக்கும் செய்த பரிசோதனை சாதாரணமானது அல்ல. 'கிளாம்ப்' என்று அதற்குப் பெயர். ஒரு பக்கம் சொட்டுச் சொட்டாக இன்சுலின் ஏற்றுவார்கள். அதே நேரம் குளுக்கோஸும் ஏறிக்கொண்டிருக்கும். சில நிமிடங்களுக்கு ஒருமுறை ரத்தம் எடுத்துப் பார்த்து, சர்க்கரை ஒரே அளவில் நிற்கும்படி குளுக்கோஸைக் கூட்டியும் குறைத்தும் சரிசெய்துகொண்டே இருப்பார்கள். எவ்வளவு குளுக்கோஸ் தேவைப்பட்டது என்பதை வைத்து, உடம்பு இன்சுலினின் பேச்சை எந்த அளவு கேட்கிறது என்று கணக்கிடலாம். இது மணிக்கணக்கில் நீளும் வேலை; நோயாளி படுத்தே கிடக்க வேண்டும், டாக்டர் பக்கத்திலேயே இருக்க வேண்டும். கல்லீரலில் எவ்வளவு கொழுப்பு, வயிற்றுக்குள் எவ்வளவு கொழுப்பு என்று ஸ்கேன் கணக்கும் எடுத்தார்கள்.

முடிவு பலரும் எதிர்பார்க்காதது. இந்த ஒல்லி நோயாளிகளுக்கு இன்சுலின் சுரப்பு டைப் 2 நோயாளிகளைவிடக் குறைவாகவும், டைப் 1 நோயாளிகளைவிட அதிகமாகவும் இருந்தது. கல்லீரல் கொழுப்பும் வயிற்றுக் கொழுப்பும் டைப் 2 நோயாளிகளைவிட வெகு குறைவு. இன்சுலினின் பேச்சை இவர்கள் உடம்பு நன்றாகவே கேட்டது.

கடைசியாகச் சொன்னதுதான் முக்கியம். பழைய பாடப்புத்தகங்கள் இதற்கு நேர்மாறாகச் சொல்லி வந்தன. ஊட்டச்சத்துக் குறைபாடுள்ள சர்க்கரை நோயாளிக்கு இன்சுலின் சரியாக வேலை செய்யாது, அதனால் அதிக டோஸ் தேவைப்படும் என்பது அந்தக் கால நம்பிக்கை. வேலூர் முடிவு சரியென்றால், அந்த அதிக டோஸ் உயிருக்கே ஆபத்து. குறைந்த இன்சுலினே போதுமான ஓர் உடம்பில், அதுவும் ராத்திரி சாப்பாடு உறுதியில்லாத ஒரு வீட்டில், அளவுக்கு மீறி ஊசி போட்டால் சர்க்கரை சரசரவென்று இறங்கி நினைவு தப்பிவிடும்.

மறுபக்கமும் சிக்கல் இருக்கிறது. 'டைப் 2' என்று நினைத்து மெட்ஃபார்மின் மாத்திரை கொடுத்தால், அது பசியைக் குறைக்கும், எடையையும் கொஞ்சம் இறக்கும். 90 கிலோ ஆளுக்கு அது வரம். 45 கிலோ இளைஞனுக்கு? 'சோற்றைக் குறைங்க, உடம்பைக் குறைங்க' என்று நோட்டீஸ் கொடுத்து அனுப்பினால், குறைப்பதற்கு அவனிடம் என்ன இருக்கிறது?

இங்கே ஒரு குழப்பம் வரலாம். 'இந்தியர்கள் வெளியே ஒல்லி, உள்ளே கொழுப்பு' என்று கேள்விப்பட்டிருப்பீர்களே! புனே மருத்துவர் சித்தரஞ்சன் யாக்னிக் அதை உலகத்துக்கே காட்டியவர். தானும் தன் லண்டன் நண்பர் யட்கினும் சேர்ந்து நிற்கும் படத்தை 2004-ல் 'லான்செட்' இதழில் வெளியிட்டார். இருவருக்கும் பி.எம்.ஐ. ஒன்றே, 22.3. உடல் கொழுப்போ யட்கினுக்கு 9.1 சதவிகிதம், யாக்னிக்குக்கு 21.2. நம் ஊரில் சராசரி எடையில் இருப்பவர்களுக்கே டைப் 2 வருவதற்கு இது நல்ல விளக்கம். வேலூரில் பார்த்தவர்கள் அந்த ரகம் இல்லை. வெளியேயும் ஒல்லி, உள்ளேயும் ஒல்லி. இரண்டையும் ஒரே கட்டில் சேர்த்துக் கட்டியதுதான் இவ்வளவு நாள் நடந்த பிழை.

2025 ஜனவரியில் பல நாட்டு நிபுணர்கள் வேலூரில் கூடி, இந்த நோயைத் தனி வகையாக அங்கீகரிக்க வேண்டும் என்று கேட்டார்கள். ஏப்ரலில் பாங்காக்கில் நடந்த உலக நீரிழிவு மாநாட்டில் சர்வதேச நீரிழிவு கூட்டமைப்பு அதை ஏற்று, 'டைப் 5' என்று அறிவித்தது. உலகம் முழுக்க 2 முதல் 2.5 கோடிப் பேருக்கு இது இருக்கலாம் என்பது அவர்கள் மதிப்பீடு. நோயை எப்படிக் கண்டறிவது, எப்படிச் சிகிச்சை தருவது என்று விதிமுறைகள் வகுக்க ஒரு குழுவும் அமைத்தார்கள். அதன் தலைமையில் ஹாக்கின்ஸும் நிஹால் தாமஸும். (டைப் 3, டைப் 4 எங்கே என்று தேடாதீர்கள். கணைய நோய், மரபணுக் கோளாறு போன்ற பிற காரணங்களால் வருவதை மூன்றாவதாகவும், கர்ப்ப காலத்தில் வருவதை நான்காவதாகவும் வைப்பது வழக்கம்.)

எல்லோரும் கைதட்டிவிடவில்லை. பாங்காக் அறிவிப்பு வந்தபோது உலக சுகாதார நிறுவனமோ அமெரிக்க நீரிழிவு சங்கமோ இந்த வகையைத் தங்கள் பட்டியலில் சேர்த்திருக்கவில்லை. ஆய்வில் இருந்த ஒல்லி நோயாளிகள் 20 பேர் மட்டுமே, பெண்கள் ஒருவர்கூட இல்லை. ஊட்டச்சத்துக் குறைபாடு இவர்களிடம் இருந்தது உண்மை, அதுதான் காரணம் என்று எப்படிச் சொல்வது? சர்க்கரை கட்டுப்பாடு இல்லாமல் போனாலே ஆள் மெலிவது இயல்புதானே? நியாயமான கேள்விகள். அதே 2025-ல் கேமரூன், உகாண்டா, தென்னாப்பிரிக்கா நாடுகளில் 'டைப் 1' என்று சிகிச்சை பெற்ற 894 பேரை ஆராய்ந்தவர்கள், கறுப்பின மக்களில் சுமார் 65 சதவிகிதம் பேருக்கு டைப் 1-க்கே உரிய ஆன்டிபாடிகள் இல்லை என்று கண்டார்கள். அது டைப் 5-தானா, வேறொன்றா என்பது தனி விவாதம். ஏழை நாடுகளில் 'டைப் 1' என்ற லேபிளுக்குள் வேறு ஏதோ ஒளிந்திருக்கிறது என்பதில் மட்டும் சந்தேகமில்லை.

மலையில் மாறும் கணக்கு

சாப்பாட்டில் ஒன்று குறைந்து, அதனால் ஹார்மோன் கெட்டு, அதை ஒரு மலையில் நடந்த ஆராய்ச்சி நிரூபித்த கதை இந்தியாவில் ஏற்கெனவே ஒன்று உண்டு. மழை அடித்துக்கொண்டு போவதால் மலை மண்ணில் அயோடின் குறைவு. அயோடின் இல்லாமல் தைராய்டு ஹார்மோன் சுரக்காது, கழுத்தில் கழலை வீங்கும். 1956-ல் டாக்டர் வி. ராமலிங்கசுவாமி குழு இமாலயத்தின் காங்ரா பள்ளத்தாக்கை மூன்றாகப் பிரித்து, இரண்டு பகுதிகளுக்கு அயோடின் சேர்த்த உப்பும், ஒன்றுக்குச் சாதாரண உப்பும் கொடுத்துப் பார்த்தது. அயோடின் உப்பு சாப்பிட்ட ஊர்களில் கழலை குறைந்தது. 1962-ல் தேசியக் கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டம் வந்தது. இன்று கடையில் வாங்கும் ஒவ்வோர் உப்புப் பாக்கெட்டும் அந்தப் பள்ளத்தாக்குக்குக் கடன்பட்டிருக்கிறது. (தூத்துக்குடி உப்பளங்களை வைத்திருக்கும் தமிழ்நாடு, அயோடின் உப்புப் பயன்பாட்டில் பின்தங்கிய மாநிலம் என்பது வெட்கக்கேடு. கல்லுப்பு வாங்கும்போதும் 'அயோடின் சேர்த்தது' என்று இருக்கிறதா என்று பாருங்கள்.)

டைப் 5-க்கு உப்புபோல எளிய மருந்து இல்லை. நோயை அடையாளம் காண்பதே மலைக் கிராமங்களில் எளிதல்ல. முதலில் வயது. நம் நாட்டில் சர்க்கரை, ரத்த அழுத்தப் பரிசோதனைத் திட்டம் 30 வயதைத் தாண்டியவர்களை மனதில் வைத்துப் போட்டது. டைப் 5 பெரும்பாலும் 30 வயதுக்கு முன்பே தலைகாட்டுகிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' வீட்டு வாசலுக்கே மாத்திரை கொண்டுவருகிறது. பாராட்ட வேண்டிய திட்டம். ஆனால், கதவைத் திறக்கும் 22 வயது ஒல்லிப் பையனின் விரலில் ஊசி குத்திப் பார்க்க யாருக்கும் தோன்றாது.

இரண்டாவது, பரிசோதனை. மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் ஹெச்பிஏ1சி, ரத்தத்தின் ஹீமோகுளோபினை நம்பியிருக்கிறது. இரும்புச்சத்துக் குறைவால் ரத்தசோகை வந்தவர்களுக்கு அது உள்ளதைவிடக் கூட்டிக் காட்டலாம். பழங்குடி மக்கள் சிலரிடம் காணப்படும் சிக்கில் செல் போன்ற ரத்தக் கோளாறுகள் இருந்தால் குறைத்துக் காட்டலாம். கொக்கிப்புழுவும் ரத்தசோகையும் உள்ள ஊரில் அந்த ஒரு எண்ணை மட்டும் நம்பி மருந்து எழுத முடியாது. வெறும் வயிற்றிலும், சாப்பிட்ட பிறகும் எடுக்கும் பழைய பரிசோதனைகள்தான் அங்கே துணை.

மூன்றாவது, பாதம். சர்க்கரை நீண்ட நாள் கட்டுப்பாடின்றி இருந்தால் கால் நரம்புகள் மரத்துப்போகும். நகரத்தில் அப்படிப்பட்டவருக்கு 'வீட்டுக்குள்ளும் செருப்பு போடுங்கள்' என்று அறிவுரை சொல்கிறோம். புளியம்பழம் உலுக்கவும் தேன் எடுக்கவும் காட்டுக்குள் நடப்பவரின் காலில் முள் தைத்து, வலியே தெரியாமல் புண் பெரிதானால், அது விரலையோ காலையோ எடுப்பதில் போய் முடியக்கூடும். கண், சிறுநீரகம் இரண்டுக்கும் இதே ஆபத்து உண்டு.

இன்சுலினைப் பாதுகாப்பதும் ஒரு வேலை. ஃபிரிட்ஜ் இல்லாத வீடுகளில், பெரிய மண்பானைக்குள் சிறிய பானையை வைத்து, இடையில் ஈர மணலை நிரப்பி, மருந்துப் புட்டியை உள்ளே வைக்கலாம். நீர் ஆவியாகும்போது உள்ளே சில டிகிரி குளிர்ந்திருக்கும். பாட்டி வீட்டுத் தண்ணீர்ப் பானைதான், இன்சுலினுக்கும் உதவுகிறது.

உணவு பற்றித்தான் அதிகம் பேச வேண்டியிருக்கிறது. ரேஷன் அரிசி மலைவீடுகளிலும் முதன்மை உணவாகிவிட்ட காலம் இது. சாமைக்கு நகரத்தில் நல்ல விலை கிடைத்தால், விற்றுவிட்டு அரிசி வாங்குவதில் தவறு காண முடியாது. இந்த நோயாளிகளுக்குத் தேவை சிறுதானியம் மட்டுமல்ல. போதுமான சாப்பாடு, அதில் பருப்பு, முட்டை, மீன், கறி என்று புரதம். வருமுன் காப்பதென்றால், இன்னும் முன்னே போக வேண்டும்: கர்ப்பிணியின் ரத்தசோகைக்கு, பிறக்கும் குழந்தையின் எடைக்கு, அங்கன்வாடிச் சத்துமாவுக்கு. 1982-ல் விரிவாக்கிய சத்துணவையும், அதில் பிற்பாடு சேர்ந்த முட்டையையும், 2022-ல் வந்த காலை உணவையும் சர்க்கரை நோய்த் தடுப்புத் திட்டங்கள் என்று யாரும் எழுதவில்லை. எழுதலாம்.

ஜவ்வாது மலையிலிருந்து காபித் தோட்டங்களுக்கும் கட்டட வேலைகளுக்கும் வெளியூர் போகும் இளைஞர்கள் நிறைய. உங்கள் தெருவில் வீடு கட்டுகிற இடத்தில்கூட இருக்கலாம். உங்கள் வீட்டிலேயே எவ்வளவு சாப்பிட்டாலும் சதை பிடிக்காத பிள்ளை இருக்கலாம். அடிக்கடி சிறுநீர் போவது, அடங்காத தாகம், காரணமில்லாமல் எடை இறங்குவது, ஆறாத புண். இவை இருந்தால், 'ஒல்லிதானே' என்று விடாமல் சர்க்கரையைப் பார்த்துவிடுங்கள். சர்க்கரை இருப்பது உறுதியானால், சி-பெப்டைட், ஆன்டிபாடி பரிசோதனைகள் தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள். முதலாவது, கணையம் இன்னும் எவ்வளவு இன்சுலின் சுரக்கிறது என்று சொல்லும். இரண்டாவது, அது டைப் 1-தானா என்று சொல்லும். இதைப் படித்துவிட்டு மாத்திரையையோ ஊசியையோ நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அது எந்த டைப்பாக இருந்தாலும் ஆபத்து.

ஊசி போட்டுக்கொள்கிறவர் வேலைக்குப் போகும் இடத்தில் சாப்பாடு நேரத்துக்கு வரும் என்ற உத்தரவாதம் கிடையாது. கை நடுங்கி, வியர்த்து, கண் இருண்டால் உடனே வாயில் போட்டுக்கொள்ள, சட்டைப் பையில் நாலு வெல்லக்கட்டி இருக்க வேண்டும். அது எதற்கென்று கூட வேலை செய்கிறவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.